ஊற்றாத முப்பத்தொரு தட்டுகள்

1

மலேசியாவில் இந்தத் தைப்பிங்கில் மழை பெய்யாத நாட்களைத்தான் எண்ண வேண்டும். மற்றவற்றை எண்ணிப் பயனில்லை. இந்த மாதம் இதுவரை அப்படி ஆறு நாள் கிடைத்தது. அதில் ஒன்று ஹரி ராயா. நம் ஊரில் நோன்புப் பெருநாள் என்பதை இங்குள்ள மலாய்க்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

அன்று காலை பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் ஒரு பீங்கான் தட்டைத் துணியால் மூடிக் கொண்டுவந்து கொடுத்தார். துணியை எடுத்தால் பதினெட்டுத் துண்டுகள். ஒன்பது பச்சை, ஒன்பது சிவப்பு. தட்டை மேசையில் வைத்ததும் பதினெட்டும் ஒருசேர நடுங்கின.

"அகார்-அகார் லா, தாத்தா! ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க" என்றான் பேரன்.

எனக்கு வேண்டாம் என்றேன்.

"அப்ப தாத்தா பங்கு எனக்கு" என்றாள் அவன் தங்கை. என் பங்கில் எத்தனை துண்டு என்று இரண்டும் அடித்துக்கொண்டன. சண்டை முழுதும் மலாயில். இடையில் "தாத்தா" மட்டும் தமிழ்.

அகார் என்ற அந்தச் சொல்லை நான் மதுரையில் ஆஸ்பத்திரி லேபரட்டரியில் வேலை பழகியபோது கற்றேன். இங்கிலீஷ்காரனின் விஞ்ஞானச் சொல் என்றே நினைத்திருந்தேன். ஒன்பது வருடங்களுக்கு முன் இங்கே வந்த பிறகுதான் அது மலாய்க்காரர்கள் அடுக்களையில் புழங்கும் சொல் என்று தெரிந்தது. நம் திண்டுக்கல்லில் அதுவே கடல்பாசி. நீரில் காய்ச்சினால் கரையும், ஆறினால் உறையும். நோன்பு மாதத்தில் பால் ஊற்றிப் பலகாரம் செய்வார்கள். நாங்கள் அதில் கிருமி வளர்த்தோம்.

நான் அதை வாயில் வைப்பதில்லை. காரணத்தை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அதே வாரம் ஊரிலிருந்து செய்தி வந்தது: தை மாதம் என் மகன் ராஜேந்திரனுக்குக் கல்யாணம். வத்தலக்குண்டுப் பெண். பார்த்து முடித்ததும், மணவறையில் தகப்பன் இடத்தில் நிற்கப்போவதும் சவரிமுத்து. சவரிமுத்து யார், அவன் என்ன செய்தான் என்பதை மகனிடம் சொல்வதா, இல்லை வாயை மூடிக்கொண்டே சாவதா? செய்தி வந்ததிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

2

சவரிமுத்து என் கூட்டாளி. இருவரும் மதுரையில் ஒன்றாக வேலை பழகினோம். ஐம்பத்து மூன்றில் திண்டுக்கல் பேகம்பூர் பக்கம், ஒரு தோல் வியாபாரியின் கட்டடத்தில் மாடி அறைகள் இரண்டை வாடகைக்குப் பிடித்து லேபரட்டரி வைத்தோம். கீழே மருந்துக்கடை. எதிர்ச்சாரியில் ஒரு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி. அவர் பெயரும் எங்கள் லேபரட்டரியின் பெயரும் இங்கே வேண்டாம். ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

பெனிசிலின் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கட்டி, புண், பிரசவக் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அதுவே ஊசி. ஆனால் சில கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டிருந்தன. எத்தனை ஊசி போட்டாலும் அவை சாகா. எது சாகும், எது சாகாது என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை.

அதைச் செய்யும் விதம் எளிது. கடல்பாசியை இறைச்சிச் சாற்றோடு காய்ச்சி, ஆட்டு ரத்தம் கலந்து, மூடியுள்ள கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய விடுவோம். நோயாளியின் சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து அதன்மேல் தேய்ப்போம். மருந்தில் நனைத்துக் காயவைத்த காகிதப் பொட்டுகள் நான்கை நான்கு பக்கத்தில் வைப்போம். பெனிசிலின் ஒன்று, ஸ்ட்ரெப்டோமைசின் ஒன்று, டெட்ராசைக்ளின் ஒன்று, குளோராம்பெனிகால் ஒன்று. வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் கிருமி தட்டு முழுக்கப் பாலாடை போலப் படர்ந்திருக்கும். எந்த மருந்து அதைக் கொல்லுமோ அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம் இருக்கும். வட்டம் இல்லையென்றால் அந்த மருந்து வீண். வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதித் தருவோம்.

அளப்பது நான். ஆட்களிடம் பேசுவது சவரி. அவனைப் போலப் பேச எனக்கு வராது. சேவுகம்பட்டியிலிருந்து வந்த ஒரு வெங்காயக்காரர் மாடியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஏன்ப்பு, ஊசியப் போட்டாத் தீந்துபோகுது. சீழக் கொண்டாந்து தட்டுல வளக்குறீகளே, இது என்ன வேலை?"

சவரி சொன்னான்: "கிருமிக்கு விருந்து வக்கிறோம் அப்பு. நாலு வெஞ்சனம் வச்சிருக்கோம். எதைத் தின்னுட்டுச் சாகுதுன்னு பாக்கணும்ல?"

"செத்தாச் சரி. எனக்கும் ஒரு எல போட்டுறாதீக."

இப்படிச் சிரிக்க வைத்தே அனுப்புவான். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. சொந்தக்காரர் தட்டைச் சொந்தக்காரர் தொடக் கூடாது. ஒருமுறை சவரியின் மாமியாருக்குக் காலில் புண். அவன் அளந்தபோது பெனிசிலின் வட்டம் பதினாறு மில்லிமீட்டர். அதே தட்டை நான் அளந்தபோது பதினொன்று. அவன் பொய் சொல்லவில்லை. ஆசை இருக்கிற கண்ணுக்கு வட்டம் பெரிதாகத் தெரிகிறது. அன்றைக்கே பேசி முடிவு செய்தோம். அவன் வீட்டாருடையதை நான் பார்ப்பது, என் வீட்டாருடையதை அவன் பார்ப்பது. முடிவை மற்றவன் எழுதித் தந்தால் அதை அப்படியே நம்புவது.

3

ஐம்பத்தேழில் நோன்பு கடும் கோடையில் வந்தது. அப்போது ராஜேந்திரனுக்குப் பதினேழு வயது. என் மனைவி போய் நான்கு வருடம். மகள் வசந்தா ரயில்வே குமாஸ்தா ஒருவரைக் கட்டிக்கொண்டு மலாயா போய்விட்டாள். வீட்டில் நானும் அவனும்தான்.

நோன்பு பிறக்க இரண்டு நாள் இருக்கையில், பந்து விளையாடும்போது வலது கணைக்காலில் உதை வாங்கிக்கொண்டு வந்தான். வீங்கியது. காய்ச்சல் கொதித்தது. மறுநாளே எதிர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்; அதிலிருந்து நான் லேபரட்டரி வேலை பார்க்கவில்லை, அவனோடேயே இருந்தேன். டாக்டரம்மா கீறிச் சீழ் எடுத்து, எலும்பில் இறங்கியிருக்கிறது என்றார். பஞ்சுக்குச்சியைக் குழாயில் போட்டு என் கையில் தந்தார். நான் தெருவைக் கடந்து மாடியேறி அதைச் சவரியிடம் கொடுத்தேன்.

"நீ பயலப் போயிப் பாரு சுப்பு. லேபு எம்பொறுப்பு. மூஞ்சியப் பாரு, நீதான் நோயாளி மாதிரி இருக்க."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. பெனிசிலின் கேட்கும், வட்டம் பதினெட்டு. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "நல்ல வேளை" என்றார். ஊசி தொடர்ந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. அளவைக் கூட்டினார். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. மருந்தை மாற்றலாமா என்று நான் கேட்டேன்.

"உங்க லேப்தானே எழுதிக் கொடுத்திருக்கு? உங்களுக்கே நம்பிக்கையில்லையா?" என்றார்.

நம்பிக்கை இருந்தது. அதனால் பேசாமல் திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தேன். அந்த அறையில் ஜன்னல் கம்பி பதினான்கு. கூரையில் விட்டம் ஐந்து. மகன் முனகும்போது நான் கம்பிகளை எண்ணுவேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

4

பெருநாளன்று குளித்து வேட்டி மாற்ற வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் கட்டடக்காரரின் மனைவி ஜுபைதா பீவி ஒரு கிண்ணத்தோடு வந்தார். அவர்கள் வீடு எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி.

"தம்பிக்குக் குடுங்கண்ணே. பால் ஊத்திக் காச்சுன கடப்பாசி. காச்ச வாய்க்கு எதமா எறங்கும். நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க, மொகமே வாடிக் கெடக்கு."

ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். ஏலக்காய் மணத்தது.

"இந்த வருசம் கடைத்தெரு பூராத் தேடியும் பாசி இல்லண்ணே. சரக்கே வரலையாம். எங்க மச்சி வீட்டுல நோம்பு தொறக்க வெறுங் கஞ்சிதான். எங்களுக்குத்தான் கொறையில்ல. சவரி அண்ணன் நோம்பு பொறந்த அன்னிக்கே ஒரு கட்டு முழுசா குடுத்துவிட்டாருல்ல?"

"எந்தக் கட்டு?"

"உங்க லேபுலருந்துதான். வேணாம், உங்க வேலைக்கு வேணுமேன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. இந்த மாசம் வேலை கம்மி, பெருநா கழிச்சு வாங்கிக்கிறேன்னுட்டாரு. தங்கமான மனுசன்."

வாயில் இருந்ததை விழுங்கினேன். லேபரட்டரியில் இருந்தது ஒரே ஒரு கட்டு. நானே வாங்கி வைத்தது. அது நோன்பின் முதல் நாளே போய்விட்டது. ராஜேந்திரனின் சீழை நான் கொடுத்தது நோன்பின் இரண்டாம் வாரம். கடைத்தெருவில் கடல்பாசி இல்லை. கடல்பாசி இல்லாமல் தட்டு இல்லை. பிறகு பதினெட்டு மில்லிமீட்டரை எதில் அளந்தான்?

மாடிக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அலமாரியைத் திறந்தேன். முப்பத்தாறு தட்டுகளையும் கழுவி, ஆவியில் அவித்து, மும்மூன்றாகக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டி வைத்துவிட்டுத்தான் மகனோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு பொட்டலமும் அப்படியே இருந்தன. என் முடிச்சு இடப்பக்கம் விழும், சவரி முடிச்சு வலப்பக்கம். பன்னிரண்டும் இடப்பக்கம்.

சவரி மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான்.

"ஏலே, எம்புட்டுப் பேருக்கு எழுதிக் குடுத்த இந்த மாசம்?"

என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான். "சுப்பு, செத்த நேரம் உக்காரு."

"எம்புட்டுப் பேருக்குடா?"

"முப்பத்தொண்ணு."

"எல்லாத்துக்கும் பெனிசிலினா?"

"நாலு வருசமாப் பாக்குறோம்ல? பத்துக்கு எட்டு அதுதான வருது. டாக்டரம்மாவும் அதத்தான் போடப்போறாங்க. கட்டடக்காரவுக வீட்டுல ஆள் அனுப்பிக் கேட்டாக, இல்லேன்னு சொல்ல மனசு வரல. ரெண்டு நாள்ல சரக்கு வந்துரும்னு நெனச்சேன். வரல. வந்தவங்களத் திருப்பி அனுப்புனா மதுரைக்குப் போயிருவாங்க, பெறகு இங்கிட்டு வர மாட்டாங்க."

"எம்புள்ளைக்குமாடா?"

அவன் பேனாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"பதினெட்டுன்னு எழுதியிருக்க. பதினேழு இல்ல, பத்தொன்பது இல்ல. அந்தப் பதினெட்டு எங்கருந்து வந்துச்சு?"

"நீ சந்தோசப்படுவன்னு..." என்றான்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் கீழே மருந்துக்கடையில் கேட்டிருக்கும். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "பயல நாளைக்கே மதுரைக்குக் கூட்டிப் போ. மத்த முப்பது வீட்டுக்கும் நானே போறேன். தாடிக்கொம்பு, வத்தலக்குண்டு, சேவுகம்பட்டி, ஒண்ணு விடாமப் போயி, தப்பாயிருச்சுன்னு சொல்லி, மறுபடி சீழ் எடுத்து மதுரைக்கு அனுப்புறேன். நீ மட்டும் வெளிய சொல்லிறாத. லேபு போச்சுன்னா ரெண்டு குடும்பமும் தெருவுல."

சரி என்றேன். மறுநாள் காலை மகனைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறினேன். எதிரே வத்தலக்குண்டு பஸ்ஸில் சவரி துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அந்தக் கையை நான் நம்பினேன்.

5

மதுரையில் மறுபடி தட்டு போட்டார்கள். பெனிசிலின் பொட்டின் விளிம்பு வரை கிருமி வந்து மொய்த்திருந்தது. வட்டமே இல்லை. குளோராம்பெனிகால் பொட்டைச் சுற்றி மட்டும் அகலமான, சுத்தமான வட்டம். அதை எனக்குக் காட்டினார்கள். அந்த மருந்து எங்கள் லேபரட்டரிக்குக் கீழே, மருந்துக்கடை அலமாரியின் இரண்டாவது அடுக்கில் நோன்பு மாதம் முழுக்க இருந்தது.

விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, உயிர் வேண்டுமானால் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். தொடையோடு எடுத்தார்கள். முதல் வாரம் முழுதும் நான் கூடவே இருந்தேன். பிறகு வீட்டைப் பார்த்துவிட்டு வர ஒரே ஒரு பகல் திண்டுக்கல் போனேன். அந்தப் பகலில் சவரி மகனைப் பார்க்க வந்து போனானாம். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். எட்டுப் பழம். நான் திரும்பியபோது ஏழு இருந்தது.

வீடு வந்து சேர்ந்ததும் கூட்டை முறித்துக்கொண்டேன். காரணம் கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். சில மாதம் கழித்துச் சவரி வீடேறி வந்து, என்னைப் பார்க்காமல் மகனைப் பார்த்துச் சொன்னான்: "லேபுல முன் மேசை சும்மாதான கெடக்கு. வந்து உக்காரு மாப்ளே. உக்காந்து பாக்குற வேலைதான்."

மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன சொல்ல? காலைக் கொடுத்துவிட்டு நிற்கிறவனுக்குச் சுமக்க ஒரு பகையையும் கொடுப்பதா? உண்மை தெரிந்தால் அவன் உடைந்துபோவான் என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன். அவன் கக்கத்துக் கட்டையோடு அந்த மாடிப்படி ஏறுவதைத் தெருவிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தினமும் பார்க்க முடியவில்லை. ஐம்பத்தொன்பதில் வசந்தா கூப்பிட்டபோது கப்பலேறிவிட்டேன்.

இங்கே நான் மகளைச் சார்ந்திருக்கும் தகப்பன். வருடம் ஒரு முறை ஈப்போவில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் அதை மெய்ப்பிக்க வேண்டும். நான்கு மேசை, நான்கு கையெழுத்து. ஒவ்வொரு மேசையிலும் ஒரே கேள்வி: இந்தியாவில் உங்களுக்கு மகன் இல்லையா? இருக்கிறான் என்பேன். ஏன் அவனோடு இல்லை? மருமகன் குறுக்கே விழுந்து மலாயில் ஏதோ சொல்வார். அதிகாரி என் காலைப் பார்ப்பார், பிறகு தாளில் முத்திரை விழும். என்ன சொல்கிறார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

மகனின் கடிதங்கள் முதலில் மாதம் இரண்டு வந்தன. பிறகு ஒன்று. இப்போது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். ஒவ்வொன்றிலும் "சவரி மாமா" இருப்பார். மாமா சைக்கிளுக்கு மூன்றாம் சக்கரம் வைத்துத் தந்தார். மாமா மைக்ராஸ்கோப் பார்க்கக் கற்றுத் தந்தார். இப்போது மாமா பெண் பார்த்திருக்கிறார்.

6

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டன. வசந்தா அடுக்களையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உன் தம்பிக்கு ஒரு விசயம் எழுதப்போறேன். உனக்கும் தெரியாது. முதல்ல நீ கேட்டுக்க."

"என்னப்பா?"

"சவரி அந்த மாசம் தட்டே ஊத்தல. பொய்யா எழுதிக் குடுத்தான். உன் தம்பி கால் போனது அதனாலதான்."

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. நறுக்குவதை மட்டும் நிறுத்தினாள். ஆச்சரியப்படவும் இல்லை.

"தெரியும்பா" என்றாள்.

"எப்பருந்து?"

"அப்பருந்தே. மதுரை ஆஸ்பத்திரியில நீங்க இல்லாதப்ப மாமா வந்து, தம்பி கட்டில்ல உக்காந்து எல்லாத்தையும் சொல்லிக் கதறி அழுதாராம். தம்பி உடனே எனக்கு எழுதிட்டான். அப்பாவுக்கு நமக்குத் தெரிஞ்சதாக் காட்டிக்காதன்னு எழுதியிருந்தான்."

பதினோரு வருடம். அவனுக்குத் தெரியக் கூடாது என்று ஊரை விட்டேன், பேச்சை விட்டேன். அவனோ எனக்கு முன்னால் எதுவும் தெரியாதவன்போல இருந்திருக்கிறான். இவளும் தினம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே தெரியாதவள்போல இருந்திருக்கிறாள்.

"அதுக்கப்பறமுமா அவங்கூடப் போயி வேலைக்கு உக்காந்தான்?"

"அழுதாருல்லப்பா. தப்புன்னு கால்ல விழுந்தாருல்ல. தம்பி என்ன எழுதுனான் தெரியுமா? அப்பா ஒரு நாளும் எனக்காக அழல, சன்னல் கம்பியத்தான் எண்ணிக்கிட்டு இருந்தாருன்னு எழுதுனான்."

நான் கேட்டேன்: "சரி, அவங்கிட்ட அழுதான். மத்த முப்பது பேருகிட்ட என்ன சொன்னானாம்? ஒவ்வொரு வீடாப் போனானே, அதுல யாரும் அவனை அடிக்கலையா?"

வசந்தா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா?"

"போகலப்பா."

"பஸ்ஸுல உக்காந்திருந்தத நான் பாத்தேன்."

"வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல எறங்கி, காப்பி குடிச்சிட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டாராம். தைரியம் வரலையாம். டாக்டரம்மாகிட்ட மட்டும் சொன்னாராம். அவங்களும் வெளிய வேணாம்னுட்டாங்களாம். யாருக்கும் சொல்லல."

"இது உன் தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா அந்த மேசையில உக்காந்திருக்கான்?"

"பழசுப்பா. இப்ப ஒழுங்காத்தான் பண்றாங்களாம். தம்பியே எல்லாத் தட்டையும் பாக்குறானாம்." அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்புறீங்களே, அதுல எதையாவது எழுதி வச்சிறாதீங்க. லேபை மூடிருவாங்க. கல்யாணம் நின்னுபோகும். தம்பிக்கு அந்த மேசைய விட்டா வேற என்ன இருக்கு? தை கழியட்டும்பா, உங்க கால்ல விழுறேன்."

நான் எழுந்து என் அறைக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் முறை வரவில்லை. அடுக்களையிலும் சத்தம் இல்லை.

தை வரை பொறுக்கலாம். தையில் கல்யாணம், அடுத்த தையில் பிள்ளை, அதற்கடுத்து வேறொன்று. அழுதவனை மன்னிக்க என் மகனுக்கு உரிமை உண்டு. அவன் கால், அவன் மன்னிப்பு. மற்ற முப்பது பேர் சார்பில் மன்னிக்க அவனுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. சவரி சொல்லிவிட்டான் என்று நம்பித்தான் வாயை மூடியிருந்தேன்.

ஆகவே ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு: ஐம்பத்தேழாம் வருடம் நோன்பு மாதத்தில், பேகம்பூர் பக்கத்து மாடி லேபரட்டரியில் உங்கள் வீட்டில் யாராவது சீழ் கொடுத்திருக்கலாம். பெனிசிலின் கேட்கும் என்று எழுதிய தாளை வாங்கிப் போயிருக்கலாம். அதன் பிறகு அவர் தேறாமல் போயிருக்கலாம். விதி என்றும், பத்தியம் தப்பியது என்றும், கூட இருந்து பார்த்தவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் இத்தனை வருடம் உங்களுக்குள் பேசியிருப்பீர்கள். கவனித்தவர்கள் மேல் குற்றமில்லை. அந்தச் சீழை யாரும் பார்க்கவே இல்லை.